மெல்பர்ன் கப்: பெயரை விடுங்கள், எடையைப் பாருங்கள்

நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மெல்பர்னில் அரசு விடுமுறை. பண்டிகை கிடையாது, தலைவர் எவருடைய பிறந்தநாளும் கிடையாது. ஒரு குதிரைப் பந்தயம் ஓடுகிறது, அதற்காக விடுமுறை. அந்தப் பந்தயம் ஓடி முடிய மூன்றரை நிமிடம்கூட ஆகாது. 1861-இல் ஆர்ச்சர் என்ற குதிரை ஜெயித்ததில் ஆரம்பித்த கூத்து இது. இன்றைக்கும் பகல் மூன்று மணிக்கு ஊரே ஏதாவது ஒரு டிவி முன்னால் கூடிவிடும். வருடம் முழுக்கக் குதிரைக்கு எத்தனை கால் என்றுகூட யோசிக்காதவர்கள் அன்றைக்கு ஒரு நாள் நிபுணர்கள்.

நம்மவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ஆபீஸில் கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி அக்டோபர் கடைசியில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அண்ணை, உங்களுக்கு உந்த ரேஸ் விசயமெல்லாம் தெரியுமாம். காசு கட்டுறதுக்கு ஒரு பேர் சொல்லுங்கோவன்."

"பேர் எதுக்கு தம்பி? எந்தக் குதிரை எத்தனை கிலோ சுமக்குதுன்னு முதல்ல பாருங்க."

"குதிரைக்கும் கிலோ கணக்கோ?" என்று சிரித்தார்.

கிலோ கணக்குதான் எல்லாம். அதை விளக்கத்தான் இந்த நீண்ட பதிவு.

மெல்பர்ன் கப் ஒரு ஹேண்டிகேப் ரேஸ். அதாவது, வலுவான குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை. ஜாக்கி, சேணம், போதாததற்கு சேணப் பையில் ஈயத் தகடு, எல்லாம் சேர்த்து இத்தனை கிலோ என்று ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாக நிர்ணயிக்கிறார்கள். குறைந்தபட்சம் 50 கிலோ. மேலே 58, 59 வரைகூடப் போகும். இதை முடிவு செய்பவர் மாநிலப் பந்தய அமைப்பான ரேசிங் விக்டோரியாவின் ஹேண்டிகேப்பர். நாம் எடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். 24 குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. அது நடக்கவே நடக்காது, ஆனால் அந்தக் கனவை வைத்துத்தான் அவர் எடை போடுகிறார்.

ஆகவே "எது நல்ல குதிரை?" என்று கேட்டுக்கொண்டு கப்புக்குப் போகிறவர் ஆரம்பத்திலேயே தப்பான வாசலில் நிற்கிறார். எது நல்ல குதிரை என்பது எடைக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அதற்கான தண்டனையையும் அவர் முதுகில் ஏற்றிவிட்டார். அவருக்குத் தெரியாமல் போனது எது, அவர் கணக்குக்கு மேலே வளர்ந்துவிட்டது எது என்பதுதான் நம் கேள்வி. கப்பில் நம் எதிராளி மற்ற 23 குதிரைகள் இல்லை, அந்த ஒரு மனிதர்தான்.

எடை என்ன செய்யும் என்பதற்கு ஃபார் லாப் கதை போதும். ஆஸ்திரேலியர்கள் இன்றும் கும்பிடாத குறையாகப் பேசும் குதிரை. 1930 கப்புக்கு முந்தைய சனிக்கிழமை காலை யாரோ அதைத் துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு படவில்லை. அன்று மதியமே ஒரு ரேஸை ஜெயித்தது. செவ்வாய்க்கிழமை 62.5 கிலோ சுமந்து கப்பையும் ஜெயித்தது. ஒரு டாலர் கட்டினால் முழுசாக ஒரு டாலர்கூட லாபம் வராத அளவுக்கு ஃபேவரிட்டாக இருந்து கப் ஜெயித்த ஒரே குதிரை அதுதான். அடுத்த வருடம் எடைக்காரர் 68 கிலோ ஏற்றினார். அதற்கு முன் கப்பை ஜெயித்த குதிரைகளில் அதிகபட்ச எடை சுமந்தது 1890-இல் கார்பைன், அதுவே 66 கிலோதான். ஃபார் லாப் எட்டாவதாக வந்தது. அதே குதிரை, அதே மைதானம், ஐந்தரை கிலோ கூடுதல்.

எடைக்காரர் தோற்ற கதையும் உண்டு. மக்கைபி திவா என்ற பெண் குதிரை 2003-இல் 51 கிலோ சுமந்து ஜெயித்தது. அடுத்த வருடம் 55.5 ஏற்றினார்கள், ஜெயித்தது. 2005-இல் 58 ஏற்றினார்கள், அப்போதும் ஜெயித்தது. மூன்று முறை கப் ஜெயித்த குதிரை வேறு கிடையாது. இப்படி ஒன்று தலைமுறைக்கு ஒரு தடவை வரும். அதை எதிர்பார்த்துப் பணம் கட்ட முடியாது.

சாதாரண வருடங்களில் எடைக்காரரை எங்கே மடக்கலாம்? அவருடைய பலவீனம் காலண்டரில் இருக்கிறது. கப் எடைகளை அவர் செப்டம்பரிலேயே அறிவித்துவிடுகிறார். ரேஸ் ஓடுவது நவம்பரில். நடுவில் உள்ள வாரங்களில் ஒரு குதிரை திடீரென்று தேறிவிட்டால் அவர் கையில் உள்ளது ஒரு சின்ன அபராத எடை மட்டுமே. அரை கிலோ, ஒரு கிலோ என்று கொஞ்சம் சேர்க்கலாம், முழுக் கணக்கையும் மாற்றி எழுத முடியாது. செப்டம்பரில் சுமாராக இருந்து அக்டோபரில் சூடுபிடிக்கும் குதிரைதான் நமக்கு வேண்டும்.

அக்டோபரில் இதைப் பார்க்க நல்ல இடம் காஃபீல்ட் கப். 2400 மீட்டர், மெல்பர்ன் கப்புக்கு இரண்டரை வாரத்துக்கு முன்னால். இரண்டையும் ஒரே வருடத்தில் ஜெயிப்பது அபூர்வம் என்பார்கள். 2001-இல் எதீரியலுக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் யாருமே செய்யவில்லை. ஆனால் 2023-இல் வித்தவுட் எ ஃபைட், 2025-இல் ஹாஃப் யுவர்ஸ் என்று கொஞ்ச காலத்திலேயே இரண்டு குதிரைகள் இரட்டை அடித்துவிட்டன. ஹாஃப் யுவர்ஸை ஓட்டிய ஜேமி மெலம் கப் ஜெயித்த இரண்டாவது பெண் ஜாக்கி. "காஃபீல்ட் ஜெயித்தது கப் ஜெயிக்காது" என்று இன்னும் ஓதிக்கொண்டிருக்கும் டிப்ஸ்காரர்களை நான் நம்புவதில்லை.

அடுத்து தூரம். 3200 மீட்டர். ஆஸ்திரேலியா அடிப்படையில் குறுகிய தூர வேகத்தை வணங்கும் நாடு. அதனால் கப்பில் நிற்கும் உள்ளூர்க் குதிரைகள் பலவும் அதுவரை 3200 ஓடியதே இருக்காது. 2400-இல் எப்படி முடித்தது என்பதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். இங்கேதான் ஃபார்ம் கைடு, அதாவது குதிரைகளின் பழைய ஓட்டக் கணக்கு, வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் சென்னை கிண்டி ரேஸ் புக் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை.

ஒரு குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் 4x8532 என்று இருக்கிறது என்று வையுங்கள். இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும், கடைசி எண்தான் கடைசி ரேஸ். முன்பு ஒரு ரேஸில் நான்காவது. x என்றால் சில மாத ஓய்வு, லாயத்திலும் புல்வெளியிலும் கழிந்த காலம். திரும்பி வந்து எட்டாவது, ஐந்தாவது, மூன்றாவது, இரண்டாவது. பக்கத்தில் இன்னொரு குதிரைக்கு 2x1136. பார்த்தவுடன் எதற்குக் கட்டத் தோன்றும்? இரண்டு ஒன்று இருப்பதற்குத்தானே! இப்போது தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் 1400, 1600, 2000, 2400 என்ற வரிசையில் ஓடியிருக்கின்றன. முதல் குதிரை தூரம் கூடக் கூட மேலே வருகிறது. இரண்டாவது, தூரம் கூடக் கூடக் கீழே போகிறது. கடைசி 200 மீட்டரின் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் முதல் குதிரை கோட்டைத் தாண்டியும் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவதன் ஜாக்கி கோட்டுக்கு முன்னாலேயே சாட்டையை மடித்துவிட்டிருப்பார். 3200-க்கு எது வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. விலையிலோ பெரும்பாலும் இரண்டாவதுதான் குறைவாக இருக்கும், ஏனென்றால் எல்லோருக்கும் அந்த ஒன்றுகள்தான் கண்ணில் படுகின்றன.

பார்ட் கம்மிங்ஸ் என்று ஒரு டிரெய்னர் இருந்தார். 1965-இல் லைட் ஃபிங்கர்ஸ் தொடங்கி 2008-இல் வியூட் வரை 12 கப். அந்தச் சாதனையை எவரும் நெருங்கவில்லை. அவர் பெயரால் ஒரு விதி உலவுகிறது: கப்புக்கு வரும் குதிரை அந்த சீசனில் மொத்தம் 10,000 மீட்டராவது ரேஸ் ஓடியிருக்க வேண்டும். மேலே சொன்ன நான்கு ரேஸைக் கூட்டினால் 7,400 வருகிறது. நடுவில் 2500 மீட்டரில் இன்னொன்று ஓடினால் 9,900. கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். இந்த விதியை நான் உள்ளூர்க் குதிரைகளுக்கு மட்டும் பொருத்திப் பார்ப்பேன். வெளிநாட்டிலிருந்து வருபவை வேறு பாதையில் தயாராகின்றன, அவற்றுக்கு இது பொருந்தாது.

அந்த வெளிநாட்டுக் குதிரைகள் ஒரு தனிப் புராணம். 1993-இல் அயர்லாந்திலிருந்து வின்டேஜ் கிராப் விமானத்தில் வந்து ஜெயித்துவிட்டுப் போனபோதுதான் ஊருக்கு விஷயம் உறைத்தது. 2006-இல் ஜப்பானியக் குதிரைகள் டெல்டா புளூஸும் பாப் ராக்கும் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தன. 2018-இல் முதல் மூன்றும் இங்கிலாந்தில் பயிற்சி பெற்றவை. அந்த வருடம் ஜெயித்த கிராஸ் கவுன்டர் எடைக்காரர் ஏமாறுவதற்குச் சரியான உதாரணம். வயது குறைந்த குதிரை, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது, சுமந்தது 51 கிலோ. 2017-இல் ரீகின்ட்லிங்கும் அதே வகை, 51.5 கிலோ. வளர்கிற பையனுக்குப் போன வருடத்துச் சட்டையை அளவெடுத்த மாதிரி எடை போட்டிருந்தார்கள்.

இப்போது அந்தக் கதவு பாதி மூடிவிட்டது. 2020 கப்பில் இங்கிலாந்தின் டெர்பி ஜெயித்த ஆன்டனி வான் டைக் ஓடும்போதே கால் உடைந்து, கருணைக்கொலை செய்யப்பட்டது. அதற்கு முன்பும் சாவுகள் நடந்தன. 2014-இல் ஃபேவரிட்டாக இருந்த அட்மையர் ரக்தி கடைசியாக வந்து, லாயத்துக்குத் திரும்பியதும் செத்து விழுந்தது. 2020-க்குப் பிறகு வெளிநாட்டுக் குதிரைகளுக்கு சி.டி. ஸ்கேன் உள்ளிட்ட கடுமையான மருத்துவச் சோதனைகள் வந்தன, வரவும் குறைந்தது. அந்தக் கெடுபிடி சரிதான் என்பது என் கட்சி. "நப் டு த கப்" என்று சொல்லிக் கப்பைப் புறக்கணிக்கிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிவருவதற்கும் காரணம் இருக்கிறது. பணம் கட்டுகிறவர்கள் அவர்களைக் கிண்டல் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை.

வெளிநாட்டுப் பெயரைக் கேட்டதும் மயங்கவும் கூடாது. 2023-இல் வோபான் என்ற குதிரை இங்கிலாந்தின் ராயல் ஆஸ்கட்டில் மற்ற குதிரைகளை வெகு தூரம் பின்னால் தள்ளி ஜெயித்துவிட்டு ஃபேவரிட்டாக இங்கே வந்தது. 14-ஆவதாக வந்தது.

பேரியர், அதாவது எந்தக் கட்டத்திலிருந்து புறப்படுகிறது என்பதைப் பற்றி டிவியில் மணிக்கணக்கில் பேசுவார்கள். கப் ஓடும் ஃபிளெமிங்டன் மைதானத்தில் 3200 மீட்டர் புறப்பாட்டிலிருந்து வெற்றிக் கம்பத்தை முதல் தடவை கடக்கவே ஏறத்தாழ 900 மீட்டர் நேராக ஓட வேண்டும். வெளிப்பக்கக் குதிரை உள்ளே வந்து சேர நேரம் இருக்கிறது. 18-ஆம் பேரியரிலிருந்து எதுவும் ஜெயித்ததே இல்லை என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். 2021-இல் வெரி எலிகன்ட் அங்கிருந்து புறப்பட்டு அலட்டிக்கொள்ளாமல் ஜெயித்தது. தரை அப்படியில்லை, அதைக் கட்டாயம் பாருங்கள். 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள்: 3, 4 என்றால் நல்ல தரை, 5 முதல் 7 ஈரம், 8 முதல் 10 சேறு. மெல்பர்னில் நவம்பர் வானிலையை நம்பவே முடியாது. 1976-இல் கொட்டித் தீர்த்த மழையில் ஜெயித்த வான் டெர் ஹம் சேற்றுக்கென்றே பிறந்த குதிரை. ஈரத்தில் ஓடிய பழைய ரேஸ்கள் ஃபார்ம் கைடில் தனி வரியில் இருக்கும். செவ்வாய் காலை மழை பெய்தால் அந்த வரியை மட்டும் பார்த்தே பாதிக் குதிரைகளை அடித்துவிடலாம்.

மைதானத்துக்கே போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். கழுத்தில் மட்டும் வியர்வை என்றால் கவலையில்லை. பின்னங்கால் இடுக்கில் வெள்ளை நுரை தெரிந்து, தலையை ஆட்டிக்கொண்டு, பிடிப்பவரை இழுத்துக்கொண்டு போகிறது என்றால் அது ரேஸை அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. 3200 மீட்டருக்கு அதனிடம் மிச்சம் இருக்காது.

இத்தனையும் பார்த்து 24-ஐ ஐந்து ஆறாகக் குறைத்துவிட்டோம். இதற்குப் பிறகுதான் விலை.

ஒரு குதிரைக்கு 8 டாலர் என்று போட்டிருந்தால், ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் கட்டியதையும் சேர்த்து 8 கிடைக்கும். எட்டில் ஒரு வாய்ப்பு என்று சந்தை சொல்கிறது. உங்கள் கணக்கில் அதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறதா? கட்டலாம். பன்னிரண்டில் ஒன்றுதானா? அது நீங்கள் ஆசைப்பட்ட குதிரையாகவே இருந்தாலும் விடுங்கள். 24 குதிரைகளின் வாய்ப்பையும் இப்படி விலையிலிருந்து எடுத்துக் கூட்டிப் பாருங்கள், நூறு சதவீதத்தைத் தாண்டும். தாண்டுகிற அந்தப் பகுதிதான் பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் சோறு. எல்லோர் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கும் டோட் என்றால் மொத்தத் தொகையில் முதலிலேயே தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் பிரிக்கும். அதாவது எல்லோரும் சமமான அறிவாளிகள் என்றால் எல்லோரும் தோற்போம். கப் அன்று நமக்குச் சாதகமான ஒரே விஷயம், பேத்தியின் பெயர், பிடித்த நிறம், வெள்ளைக் குதிரை என்று பார்த்துக் கட்டும் பணம் ஏராளமாக உள்ளே வருவது. அது சில குதிரைகளின் விலையைத் தேவையில்லாமல் குறைத்து, மற்றவற்றின் விலையை ஏற்றிவைக்கும்.

பெரிய விலைக் குதிரை ஜெயிக்கவே ஜெயிக்காது என்பதும் இல்லை. 2015-இல் பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் நூற்றுக்கு ஒன்று விலையில் ஜெயித்தது. ஓட்டியவர் மிஷெல் பெய்ன், கப் ஜெயித்த முதல் பெண் ஜாக்கி. டவுன் சின்ட்ரோம் உள்ள அவருடைய அண்ணன் ஸ்டீவிதான் அந்தக் குதிரையின் பராமரிப்பாளர். பேரியர் குலுக்கலில் 1-ஆம் எண்ணை எடுத்ததும் அவரே. எல்லோரும் அதை அதிசயம் என்றார்கள். ஆனால் பாருங்கள்: எடை 53 கிலோ, பத்து நாளைக்கு முன் மூனி வேலி மைதானத்தில் 2500 மீட்டரில் இரண்டாவது இடம், பெரும்பாலான ரேஸ்களில் அதை ஓட்டிய அதே ஜாக்கி. முதல் நம்பிக்கையாக வைக்க முடியாது, சரி. நூற்றுக்கு ஒன்று என்பது மட்டும் நிச்சயமாகத் தப்பான விலை. 2024-இல் 90 டாலர் பக்கம் போன நைட்ஸ் சாய்ஸ் ஜப்பானின் வார்ப் ஸ்பீடை போட்டோ ஃபினிஷில் தோற்கடித்ததே, அதற்கு என்னிடம் எந்த விளக்கமும் இல்லை. ஓட்டிய ராபி டோலன் டிவி பாட்டுப் போட்டியில் பாடியவர் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எப்படிக் கட்டுவது என்று தம்பி கேட்டார். டிரைஃபெக்டா, அதாவது முதல் மூன்றையும் வரிசையாகச் சொல்வது, கேட்க இனிக்கும். 24 குதிரையில் அப்படி 12,144 வரிசைகள் இருக்கின்றன. ஐந்து குதிரையைத் தேர்ந்தெடுத்து எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று பாக்ஸ் போட்டால் 60 வரிசை, 60 டாலர். 12 டாலர்தான் கட்டுவேன் என்றால் ஜெயித்தாலும் ஐந்தில் ஒரு பங்குதான் கையில் வரும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது பிளேஸ் மட்டும். முதல் மூன்றில் வந்தால் போதும். 20 டாலர் விலையுள்ள குதிரை பிளேஸிலேயே கைநிறையக் கொடுக்கும்.

ஊரில் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னால் "ரேஸா? குடியைக் கெடுக்கிற வேலை" என்று போனை வைத்துவிடுவார். நம் வீடுகளில் ரேஸ் என்றால் அந்த ஒரே அர்த்தம்தான். 1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் இது திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. கிண்டி மைதானத்தை 2024 செப்டம்பரில் அரசே பூட்டிவிட்டது, அது நிலம் சம்பந்தப்பட்ட வேறு கதை. திறமை வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னது சரி. ஆனால் அந்தத் திறமை புக்கியின் பங்கைத் தாண்டும் அளவுக்கு இருக்க வேண்டும். அது நூறில் தொண்ணூறு பேருக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அம்மா சொல்வதில் பாதி உண்மை.

தம்பிக்குக் கடைசியில் பெயர் எதுவும் சொல்லவில்லை. 51-இலிருந்து 54 கிலோ வரை சுமப்பது, காஃபீல்டில் பின்னாலிருந்து வந்து ஜெயிக்காமல் முடித்தது, 15 டாலருக்கு மேல் விலை உள்ளது, இந்த மூன்றும் சேர்ந்த குதிரையைத் தேடி பிளேஸ் கட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். அப்படி ஒன்று இல்லாத வருடத்தில் ஆபீஸ் ஸ்வீப்பில் ஐந்து டாலர் போட்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எடைக்காரரும் இல்லை, புக்கியும் இல்லை. கட்டும் பணம் வாடகைப் பணமாக இருந்தால் எதையும் கட்டாதீர்கள். கை மீறிப் போகிறது என்று தோன்றினால் ஆஸ்திரேலியா முழுவதுக்கும் உதவி எண் 1800 858 858. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம்.